பிரேக்காரர் ஒரு வீடியோவைப் பத்திரப்படுத்திய கதை

மருத்துவமனை லிஃப்ட் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. உள்ளே ஒரே ஆள். இதை எழுதுகிறவன்தான் அது. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன். வேலையில் சேருவதற்கு உடல் தகுதிச் சான்று கேட்டிருந்தார்கள் என்று வந்திருந்தான். வரப்பில் நடந்து வளர்ந்தவனுக்கு லிஃப்டே புதுசு. பட்டச் சான்றிதழ் இருந்த உறையை மார்போடு இறுக்கிக்கொண்டு நின்றவனுக்கு மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"உள்ள எத்தனை பேரு? கதவத் தொடாதீங்க. ரெண்டே நிமிஷம். லிஃப்டு விழாது, நான் இங்க இருக்கேன்."

கையைப் பிடித்து வெளியே தூக்கிவிட்டவர் நாற்பத்தேழு வயது மெக்கானிக். ஆளை விட்டுவிட்டு உறையைப் பார்த்தார். "சர்டிபிகேட்டா தம்பி? நகல் ஆன்லைன்ல போட்டு வச்சிருக்கீங்களா?" இருக்கிறது என்றதும் விடவில்லை. "எங்க? அந்த இடம் நம்பிக்கையான இடம்தான்னு எப்படிப் பார்த்தீங்க?" தப்பித்து வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று இருந்தது. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த நான்கு நாள் கதையைப் பிறகு பல நாள், பல தேநீருக்கு நடுவே, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

அப்போது அவர் ஒரு லிஃப்ட் பராமரிப்பு கம்பெனியில் பன்னிரண்டு வருஷ ஆள். அங்கே அவருக்கு 'பிரேக்காரர்' என்று பெயர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கண்ணாடி, விளக்கு, மணி எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேரே மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு ஏறி, மோட்டாரைப் பிடித்து நிறுத்துகிற பிரேக்கைத்தான் முதலில் தொடுவார். "ஓடுற லிஃப்டப் பத்தி எனக்குக் கவலை இல்ல. நிக்கிற லிஃப்டு நிக்கணும்," என்பார்.

ஒரு திங்கட்கிழமை, அவர் பார்வையில் இருந்த ஓர் எட்டு மாடிக் கட்டடத்தில், லிஃப்ட் நிற்கவில்லை. ஆறாம் மாடியில் கதவு திறந்து, வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் காலை எடுத்து வெளியே வைத்த நேரத்தில் பெட்டி ஒன்றரை அடி கீழே நழுவியது. குமாஸ்தாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிய இரவாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார். பிரேக்காரரைவிடப் பத்து வயது சின்னவர்.

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு லிஃப்ட் இன்ஸ்பெக்டர் விசாரணை. பிரேக் லைனிங் தேஞ்சதுதான் காரணம்னு சொல்றாங்க. நீங்கதானே சர்வீஸ் பண்ணீங்க?"

"தேஞ்சிருக்குன்னு ஏழு மாசத்துக்கு முன்னாடியே எழுதிக் குடுத்தேனே சார். நீங்கதான் 'அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்'னு அதுலயே எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க."

"எதுல?"

"வேலை அட்டையில."

"அப்படி ஒரு அட்டை ஃபைல்ல இல்லையே," என்றார் மேனேஜர், ஜன்னலைப் பார்த்தபடி.

விசாரணையில் பழி பிரேக்காரர் மேல் விழுந்தால் லிஃப்டைத் தொடுவதற்கான லைசென்ஸ் ரத்தாகும். அந்த லைசென்ஸ் இல்லாவிட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. ஆனால் மேனேஜருக்குத் தெரியாத ஒன்று அவரிடம் இருந்தது. ஏழு மாதத்துக்கு முன்பு, மெஷின் ரூமில் நின்று, மோட்டாரைப் பிடிக்கிற லைனிங் பட்டையை அளவுகோல் வைத்து அளந்து, பாதிக்கும் கீழே தேய்ந்ததைக் காட்டி, மேனேஜர் கையெழுத்திட்ட அட்டையையும் காட்டி, தேதியை வாயால் சொல்லி எடுத்த ஆறு நிமிஷ வீடியோ. அது கம்பெனி கொடுத்த போனில் இருந்தது. அவரிடம் இருந்ததே அந்த ஒரு போன்தான்.

மேனேஜர் அடுத்து சொன்னது அவரை உலுக்கியது. "வியாழக்கிழமை அஞ்சு மணிக்குள்ள எல்லாரும் போனைக் குடுத்துடுங்க. அழிச்சிட்டுப் புது ஆப் போடப்போறோம்."

போனின் கேபிள் துளை என்றைக்கோ பழுதாகி, சார்ஜ் மட்டும்தான் ஏறும். வீடியோவை வெளியே எடுக்கக் காற்றுவழிதான் கதி. மெசேஜில் அனுப்பலாம் என்று பார்த்தால், போய்ச் சேர்ந்தது சுருங்கி, கையெழுத்து மங்கி, எடுத்த தேதியும் அன்றைய தேதியாக மாறியிருந்தது. அதைக் காட்டினால் நேற்று எடுத்தது என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். காசு கட்டுகிற ஆன்லைன் சேமிப்பிடங்கள் எல்லாம் கிரெடிட் கார்டு கேட்டன. அவரிடம் அது கிடையாது. இலவசமாக, உள்ளே போட்டதைப் போட்டபடியே திருப்பித் தருகிற ஓர் இடம் வேண்டும். இரண்டு நாளில்.

அன்று மாலை மனைவியின் தம்பி வைத்திருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனார்.

"இதுக்கா மாமா இவ்வளவு யோசனை? ஃப்ரீ ஸ்டோரேஜ் ஊர்ப்பட்டது கிடக்கு. ஏதாவது ஒண்ணுல தூக்கிப் போடுங்க."

"லிஃப்டுகூட ஊர்ப்பட்டது கிடக்கு மாப்ள. எல்லாத்துலயும் கண்ண மூடிக்கிட்டு ஏறிடுவியா?"

"நான் மாடிப்படிதான் மாமா. உங்க வேலையைப் பக்கத்துல இருந்து பாத்தவன்."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல. திற கம்ப்யூட்டரை."

புது லிஃப்டை ஒப்புக்கொள்ளும்முன் அதில் எடைக்கட்டிகளை ஏற்றி, ஓடும்போதே கரண்டை நிறுத்தி, பிடிக்கிறதா என்று பார்ப்பது அவர் தொழில் வழக்கம். சேமிப்பிடத்தையும் அப்படியே பார்ப்பது என்று முடிவுகட்டினார். வீடியோவை ஏற்றுவது, வேறொரு போனிலிருந்து இறக்குவது, எடுத்த தேதியும் அளவும் அட்சரம் பிசகாமல் இருக்கிறதா என்று ஒப்பிடுவது. பிறகு வேண்டுமென்றே அழித்துவிட்டு, மீட்க முடிகிறதா என்று பார்ப்பது.

முதலாவது இடம் சிரித்த முகமாக ஏற்றிக்கொண்டது. இறக்கப் போனால் பெரிய ஃபைலுக்குப் பணம் கட்டு என்றது. "ஏத்துறதுக்கு ஃப்ரீ, எறக்குறதுக்குக் காசா? உள்ள ஆளை வச்சிக் கதவச் சாத்துற லிஃப்டுடா இது," என்று அந்த இடத்திலேயே கணக்கை மூடினார். அடுத்தது வீடியோவைத் தானாகவே சுருக்கியது. மாப்பிள்ளை கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பிரேக்காரர் அட்டையில் இருந்த கையெழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். ஈ மொய்த்த மாதிரி இருந்தது.

புதன்கிழமை காலை வரைக்கும் ஒன்றும் அமையவில்லை. வீட்டில் மனைவி தன் போனோடு உட்கார்ந்தாள். மருந்துக்கடை கவுன்ட்டரில் பதினைந்து வருஷம் நின்றவள். மாத்திரை அட்டையின் மூலையில் எறும்பு மாதிரி அச்சடித்த காலாவதித் தேதியைத்தான் அவள் கண் முதலில் தேடும். மூன்றாவது இடத்தின் நிபந்தனைகளை, அவர் ஷூ மாட்டுவதற்குள் படித்துவிட்டாள்.

"ஏங்க, இங்க பாருங்க. தொண்ணூறு நாள் உள்ள வரலைன்னா எல்லாத்தையும் அழிச்சிடுவாங்களாம். சொல்லக்கூட மாட்டாங்களாம்."

"விசாரணை வெள்ளிக்கிழமைதானே?"

"அப்பீலுன்னு இழுத்தா? கேஸுன்னு வந்தா?"

அவர் ஷூவைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

நான்காவது இடம் தேறியது. எத்தனை வருஷமாக நடக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்று தேடிப் பார்த்தார்கள். இடம் சின்னதுதான், பத்து ஜிபி, ஆனால் சுருக்கவில்லை. இரண்டு வருஷம் திறக்காவிட்டாலும் எச்சரிக்கை அனுப்பிவிட்டுத்தான் கை வைப்பார்கள். அழித்த ஃபைலை முப்பது நாள் குப்பைத்தொட்டியில் வைத்திருந்தார்கள். மீட்டபோது தேதி மாறவில்லை. எந்த நாள், எந்த நிமிஷம் ஏற்றப்பட்டது என்று ஒரு பதிவும் வைத்திருந்தார்கள். உதவிக்கு எழுதிய கேள்விக்கு மூன்று மணி நேரத்தில் மனுஷர் எழுதிய பதில் வந்தது. மனைவி போனில் வீடியோவை இறக்கி, முழுசாக ஓட்டிப் பார்த்தார்கள்.

வீடியோ முடிந்ததும் அவள் அதை மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள்.

"என்ன?"

"இதுல உங்க குரல் இருக்கு. தேஞ்சிருக்கு, இது ஓடக்கூடாதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் ஏன் ஓடிச்சுன்னு கேட்டா?"

அவருக்கும் அது தெரியாமலில்லை. திங்கட்கிழமையிலிருந்து அந்தக் கேள்விதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. "கேக்கட்டும்," என்றார். "கேட்டா சொல்லித்தான் ஆகணும்."

அவள் போனில் இடமே இல்லை. இறக்கிய நகலை அழித்தார். வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணி எடுத்து வைக்கிற பழக்கத்தில், கணக்கிலிருந்தும் வெளியேறினார். கம்பெனி போனில் இருந்த ஆப்பையும் எடுத்துவிட்டார். வியாழக்கிழமை ஐந்து மணிக்கு மேனேஜர் மேஜையில் போனை வைத்தார். மேனேஜர் எல்லா போனையும் அணைத்து டிராயரில் போட்டுப் பூட்டினார். "காலைல எட்டு மணிக்கு ஆள் வந்து அழிப்பான்," என்றார்.

ஐந்தரைக்கு வீடு. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மனைவியின் போனில் கணக்கைத் திறந்தார். பாஸ்வேர்டைப் போட்டார். 'உங்கள் எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு அனுப்பியுள்ளோம்' என்றது திரை.

எந்த எண்ணுக்கு?

பன்னிரண்டு வருஷமாகக் கல்யாணப் பத்திரிகையிலிருந்து காஸ் புத்தகம் வரை அவர் கொடுத்து வந்த ஒரே எண். கம்பெனியின் எண். குறியீடு போய் விழுந்தது மேனேஜரின் டிராயரில்.

லிஃப்ட் குழிக்குள் இறங்குகிற மெக்கானிக் மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் இறங்குவான். சாவியை இன்னொருத்தனிடம் கொடுத்தவன் உயிரையே கொடுத்த மாதிரி. அந்த விஷயத்தில் தன்கீழ் வேலை பார்த்த தம்பிமார்களை எத்தனையோ முறை வறுத்தெடுத்தவர் அவர். சரியான பெட்டியைத் தேடி இரண்டு நாள் அலைந்துவிட்டு, அதன் சாவியைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"காலைல அந்த போனுக்கு உயிர் வந்தா இந்த மெசேஜ் வந்து விழும்," என்றார். "எங்க வச்சிருக்கேன்னு தெரிஞ்சிடும். பாஸ்வேர்ட் மறந்துபோச்சுன்னு போட்டா அவங்களே உள்ள போயிடலாம்."

"இப்பவே நம்பரை மாத்துங்க."

"மாத்தவும் அந்தக் குறியீடுதான் வேணும்."

மூன்றுமுறைதான் கேட்கலாம், மூன்றும் தவறினால் இருபத்துநான்கு மணி நேரம் பூட்டிவிடும் என்று கீழே எழுதியிருந்தது. ஒன்று போயிற்று. அதற்கும் கீழே, பொடி எழுத்தில் இருந்ததை மனைவிதான் படித்தாள். "மெசேஜ் வரலைன்னா போன் பண்ணியும் குறியீடு சொல்வாங்களாம்."

"அணைச்சு வச்ச போனுக்கு எப்படி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் அழைப்பு எந்தக் காரணத்தாலும் தவறக்கூடாது. அதனால் மெக்கானிக் எடுக்காத, அல்லது அணைந்திருக்கிற போனுக்கு வருகிற அழைப்பெல்லாம் கம்பெனியின் கன்ட்ரோல் மேஜைக்குத் தானாகத் திரும்பும். அப்போது அந்த மேஜையில் இருந்தது எல்லோரும் கன்ட்ரோல் அக்கா என்று கூப்பிடுகிற பெண். ஆறு மணிக்கு அவர் ஷிஃப்ட் முடிந்து எழுந்துவிடுவார். அடுத்து உட்காருகிறவன் மேனேஜரின் மைத்துனன். மணி ஐந்து நாற்பத்திரண்டு.

அவசரத்தில் யோசிக்காமல் 'அழைப்பு' என்பதை அழுத்திவிட்டார். ஒரு நிமிஷம் ஆயிற்று. 'அழைப்பு துண்டிக்கப்பட்டது' என்றது திரை. மெஷின் குரல் கேட்டதும் விளம்பரம் என்று நினைத்து அக்கா வெட்டிவிட்டிருக்கிறார். இரண்டு போயிற்று.

முதலில் அக்காவிடம் சொல்ல வேண்டும். ஆனால் கன்ட்ரோல் லைனில் பேசுவதெல்லாம் பதிவாகும். பிரேக்காரர் அந்த கன்ட்ரோல் எண்ணை அழுத்தினார். பிஸி. மறுபடி பிஸி. ஐந்து நாற்பத்தெட்டு. எங்கேயோ யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். மனைவி வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். ஐந்து ஐம்பத்தொன்றுக்கு மணி அடித்தது.

"கன்ட்ரோல், சொல்லுங்க."

"மேடம், எங்க லிஃப்டுல பிரேக் பிடிக்கல," என்றார், வாடிக்கையாளர் மாதிரி. "இப்ப உங்களுக்கு ஒரு மெஷின் குரல் வரும். தயவுசெஞ்சு வெட்டிடாதீங்க. ஆறு நம்பர் சொல்லும்."

அந்தப் பக்கம் பேனா மேஜையில் தட்டுகிற சத்தம் கேட்டது. பன்னிரண்டு வருஷம் இரவும் பகலும் வேலைக்கு அனுப்பிவைத்த ஆளின் குரல் அக்காவுக்குத் தெரியாதா? தெரிந்தால், வேலையைப் பணயம் வைப்பாரா?

"எத்தனாவது மாடி சார்?" என்றார் அக்கா கடைசியில், அச்சடித்த குரலில்.

"ஆறாவது மாடி மேடம்."

"கம்ப்ளெயின்ட் எடுத்தாச்சு. மூணு நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்க. சீக்கிரம் சார், எனக்கு ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடியுது."

மூன்றாவதும் கடைசியுமான முறையாக அழுத்தினார். குறியீடு ஐந்து நிமிஷம்தான் செல்லும். மூன்று நிமிஷம் காத்திருந்து கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தார் அக்கா.

"உங்க கம்ப்ளெயின்ட் நம்பர் குறிச்சுக்கங்க சார். நாலு, ஒண்ணு, ஒண்ணு, ஏழு..." பின்னால் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம். "என்னக்கா, கிளம்பலையா?" என்று ஓர் ஆண் குரல். "இரு தம்பி, பாவம், ஆறாவது மாடியில மாட்டிக்கிட்டு நிக்கிறாரு... சைபர், ஒம்போது. குறிச்சீங்களா சார்?"

"குறிச்சிட்டேன் மேடம்."

"பயப்படாதீங்க. கதவ மட்டும் தொடாதீங்க."

மனைவி எண்களை அழுத்தினாள். கணக்கு திறந்தது. வீடியோ இருந்தது. எண்ணை அவள் எண்ணுக்கு மாற்றினார்கள். போன் தொலைந்தாலும் உள்ளே போவதற்கென்று அந்த இடம் கொடுத்த பத்து மாற்றுக் குறியீடுகளை, மாத்திரை போடுகிற காகித உறைகளில் எழுதி, ஒன்றைத் தன் பையிலும் ஒன்றை அவர் சட்டையிலும் வைத்தாள். பிறகுதான் விளக்கையே போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு மேஜை, நான்கு நாற்காலி. வேலை அட்டை எதுவும் இல்லை என்றார் மேனேஜர். மெக்கானிக்கின் போனில் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். எல்லா போனும் வழக்கமான முறைப்படி இன்று காலை அழிக்கப்பட்டது என்று பதில் வந்தது. பிரேக்காரர் மனைவியின் போனை எடுத்தார். இன்ஸ்பெக்டர் வீடியோவை இரண்டு முறை பார்த்தார்; எடுத்த தேதியையும் ஏற்றிய பதிவையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். மேனேஜர் தண்ணீர் கேட்டார்.

பிறகு இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "கம்பெனிக்குத் தெரியும்னு நிரூபிச்சிட்டீங்க. உங்களுக்கும் தெரியும்னு நிரூபிச்சிட்டீங்க. லிஃப்டை நிறுத்திப் பூட்டுப் போட உங்களுக்கு அதிகாரம் உண்டு. ஏன் போடல?"

என்னென்னவோ பதில் தயாராகத்தான் இருந்தது. "பயம் சார்," என்றார். "பூட்டினா வேலை போயிடும்னு பயம். வீடியோ எடுத்து வச்சா என் கடமை முடிஞ்சுதுன்னு நினைச்சிட்டேன்."

"அந்த ஆளு இடுப்பு?"

"அதுல என் பங்கும் இருக்கு சார்."

தீர்ப்பு பதினைந்து நாளில் வந்தது. அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் பராமரிப்பிலிருந்து கம்பெனி நீக்கப்பட்டது. சிகிச்சைச் செலவு முழுவதும் அதன் தலையில். மேனேஜர் மேல் தனி வழக்கு. பிரேக்காரரின் லைசென்ஸ் ரத்தாகவில்லை. ஆறு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த ஆறு மாதமும் அவர் மாப்பிள்ளையின் ஜெராக்ஸ் கடையில் தாள் அடுக்கினார். "மாமா, மெஷின் நின்னுபோச்சு, பிரேக்கப் பாருங்க," என்று தினம் ஒரு தடவையாவது சீண்டாமல் மாப்பிள்ளைக்குப் பொழுது போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குமாஸ்தா வீட்டுக்குப் போனார். முதல் இரண்டு முறை கதவு திறக்கவில்லை. மூன்றாவது முறை திறந்தது. உட்காரச் சொன்னார்களே தவிர அதிகம் பேசவில்லை.

இப்போது அவர் மருத்துவமனையின் ஆறு லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்கிறார். போன வருஷம் மட்டும் ஒன்பது முறை லிஃப்டை நிறுத்திப் பூட்டுப் போட்டு, டாக்டர்களிடமே திட்டு வாங்கியிருக்கிறார். குமாஸ்தா கைத்தடியுடன் வேலைக்குப் போகிறார். கன்ட்ரோல் அக்கா அதே மேஜையில்தான் இருக்கிறார். அந்த மாலை வந்த அழைப்பைப் பற்றி அவரிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. மேனேஜர் மேல் போட்ட வழக்கு இரண்டாவது வருஷமாக நடக்கிறது. வீடியோ இன்னும் அந்த நான்காவது இடத்தில் இருக்கிறது.